ஓலையில் வந்த பேர்

"கேக்கேன்லா? வாரியலப் பிடிச்சது நீருதான வே?"

"சும்மா பிடிச்சேங்க்கா."

"சும்மா பிடிச்சேரா? அது என்ன பச்சப்பிள்ளையா, கொஞ்ச நேரம் சும்மா பிடிச்சு வச்சுக்கிட?"

"அவன் பிடின்னான், பிடிச்சேன். இந்த முனைய நான் பிடிச்சேன், அந்த முனைய ஜட்ஜி பிடிச்சான். என்னய மட்டும் போட்டு வறுத்தெடுத்தா எப்படி?"

"ஒம்மள ஏன் கேக்கேன் தெரியுமா? அன்னைக்கு எங்க கல்யாணத்துக்கும் வாரியலப் பிடிச்சது நீருதான். அதனால கேக்கேன். வாய்ல இருக்கத முழுங்கிட்டுப் பதில் சொல்லும்," என்றாள் கெசியா.

மூணுவிரல் என்று பேர்பெற்றவன் வாயில் இருந்த உருளைக்கிழங்கை முழுங்கினான். அடுத்த கிழங்கை எடுத்தான்.

சீமையில், லாட்ச்ஃபோர்டு என்ற ஊரில், மதகுக்கு மேற்கே தார் பூசிய மரக்கொட்டகைகள் வரிசையாக இருந்தன. கப்பல் போகிற கால்வாய் வெட்ட வந்த ஆட்கள் குடியிருந்த கொட்டகைகள். அதில் கடைசிக் கொட்டகை கெசியாளுடையது. அவளும் அவள் புருஷன் செம்பட்டையும் ஒரு தடுப்புக்குள், நான்கு ஆட்கள் மறு தடுப்புக்குள். நான்கு பேருக்கும் அவள்தான் சமையல், துவையல், காயத்துக்குக் கட்டு, குடித்துவிட்டு விழுந்தால் தலைக்குத் தண்ணீர். மூணுவிரல், ஜட்ஜி, பன்னித்தொடை, காக்கா. அப்படித்தான் பேர். எவனுடைய அம்மா என்ன பேர் வைத்தாள் என்று எவனுக்கும் தெரியாது, செம்பட்டையின் பேர் கெசியாளுக்கும் தெரியாது. கேட்பதும் இல்லை. கேட்கிறவனை அந்த ஆட்கள் போலீஸ்காரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

நடந்தது இதுதான். மத்தியானம் கெசியா மாவு வாங்க வாரிங்டன் சந்தைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து செம்பட்டை வாரியலை, அதாவது விளக்குமாற்றை, எடுத்து வாசல்படியில் குறுக்கே பிடிக்கச் சொல்லி, முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாகத் தாண்டிவிட்டான். ஆணும் பெண்ணும் கைகோத்து முன்பக்கமாகத் தாண்டினால் கல்யாணம். பின்பக்கமாகத் தாண்டினால் அது கலைந்தது. பார்த்த ஆட்கள் சாட்சி. கால்வாய் ஆட்களிடம் அவ்வளவுதான் சட்டம்.

"வெளாட்டுக்குன்னு நெனச்சோம்க்கா," என்றான் பன்னித்தொடை. பெருத்த ஆள், பூனைக்குரல்.

"வெளாட்டா? தாண்டிட்டு அந்த மனுசன் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. பொகையில வாங்கப் போறேன்னான்."

"பொகையில வாங்கப் போற ஆளு எதுக்கு வே நல்ல சட்டையப் போட்டுட்டுப் போணும்?"

நான்கு பேரும் தட்டைப் பார்த்தார்கள்.

ஜட்ஜி தொண்டையைச் செருமினான். எந்தப் பேச்சிலும் சட்டம் சொல்லாமல் இருக்க முடியாத ஆள், அதனால்தான் அந்தப் பேர். "யக்கா, பயப்படாதீங்க. அது செல்லாது. ஒரு வருசத்துக்குள்ள தாண்டினாத்தான் கலையும். ஒங்களுக்கு ஏழு வருசமாச்சுல்லா?"

"யாரு சொன்னா?" என்றான் காக்கா. "நான் மலைச் சொரங்கத்துல வேல பாத்தப்ப ஒருத்தன் நாலு பிள்ள பெத்தபெறவு தாண்டினான். செல்லும்னுட்டாங்க."

"அங்க வேற சட்டம்லே."

"வாரியலுக்கு ஊருக்கு ஊரு சட்டமா?"

"சரி, அந்தக் கல்யாண வாரியல் எங்க? தாண்டின வாரியலத்தான் திருப்பித் தாண்டணும்."

"அது தேஞ்சு அடுப்புல போயி எவ்வளவோ காலமாச்சு," என்றாள் கெசியா.

"அப்ப இன்னைக்குத் தாண்டினது செல்லாது! பேச்சு முடிஞ்சு போச்சு!" என்றான் ஜட்ஜி.

பன்னித்தொடை மெதுவாகக் கேட்டான்: "வாரியல் தேயத்தான் செய்யும். அதுக்காகக் கல்யாணமும் தேயுமாலே?"

கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது. கெசியா கதவைத் திறந்து கால்வாய்ப் பக்கம் பார்த்தாள். புகையிலைக் கடைக்குப் போனவன் வரும் பாதை இருட்டத் தொடங்கியிருந்தது. யாரும் வரவில்லை.

கால்வாய்க்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஏழு வருஷம் காய்ந்த பள்ளமாகப் பார்த்த இடம். அடியில் செம்பாறை, மேலே களிமண். பாறைக்கு வெடி, களிமண்ணுக்கு மண்வெட்டி, கொஞ்சம் வசதியான இடத்தில் நீராவி இயந்திரம். மண்சுவரின் அடியைத் தோண்டித் தோண்டிக் குடைந்துவிட்டு, மேலே உள்ளது தானாகச் சரிய விடுவார்கள். சரியும்போது விலகத் தெரிந்தவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவான். மூணுவிரல் ஒரு தடவை கையை விலக்கத் தாமதித்தவன். பெருமழையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, வெட்டினதை எல்லாம் மூழ்கடித்த வருஷமும் உண்டு. இறைத்துவிட்டு மறுபடி வெட்டினார்கள்.

இப்போது அந்தப் பள்ளத்தில் பழுப்புத் தண்ணீர் நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி இழுத்த குதிரைகளை விற்றாயிற்று. கிழக்கே இருந்து கொட்டகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வந்தார்கள். வெட்டினவனுக்கு இனி அங்கே வேலை இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த வேலை எங்கே என்று நடக்க வேண்டியதுதான்.

ஆனால் மதகுக்கு நிரந்தர ஆட்கள் எடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. கப்பல் வந்தால் மதகு திறந்து மூட ஆள் வேண்டும். அந்த வேலைக்கு வீடும் உண்டு. செங்கல் வீடு. செம்பட்டை அந்த வேலைக்கு அலைந்தான். மதகு மேஸ்திரி பின்னாலேயே போனான். ஞாயிற்றுக்கிழமை தவிர முகம் கழுவாதவன் தினமும் கழுத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான்.

"என்ன, கழுத்துல இருக்க மண்ணெல்லாம் போயிட்டா கழுத்து தாங்குமா?" என்று கெசியா கேலி செய்தாள்.

"ஏளா, செங்கல் வீட்டுக்காரன் அழுக்கா இருக்கலாமா?" என்றான் அவன்.

அந்த வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். பதினாறு வயசில் இருந்து கொட்டகை கொட்டகையாக அலைந்தவள். பிறந்த இரண்டு பிள்ளைகளையும் இரண்டு ஊர்களில் புதைத்தவள். தரை ஈரமாகாத ஒரு வீடு. யாரும் பிரிக்க முடியாத ஒரு வீடு. மதகுப் பக்கம் துணி காயப்போடும் சாக்கில் போய், கட்டி முடிக்காத அந்த வீடுகளைப் பார்த்துவிட்டு வருவாள். மூன்றாவது வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கத் துணிகூட எடுத்து வைத்திருந்தாள்.

சர்ச்சில் போய் முறையாகக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி ஒருத்தி அவளிடம் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தாள். மிஸ் லோமாக்ஸ். கொட்டகைகளுக்கு வேதம் வாசிக்க வருகிற அம்மா, மெலிந்த உருவம், எப்போதும் ஈரக்குடை. கெசியாளுக்கும் ஆசைதான். செம்பட்டைதான் ஒத்துக்கொள்ளவில்லை. "பாதிரியாரு சொன்னாத்தான் நீ எனக்குப் பொண்டாட்டியா? என் கூட்டாளிங்க பாத்துருக்காங்க. அவங்க வார்த்தைய விடப் பெரிய வார்த்த உண்டா?" என்பான். நான்கு பேரும் மேசையைத் தட்டுவார்கள். கெசியாளுக்கு அது பெருமையாக இருக்கும்.

மிஸ் லோமாக்ஸ் வேதம் வாசித்து முடித்ததும் ஊர்ச் செய்தியும் சொல்வாள். கேட்க ஆள் இருப்பது அதற்காகத்தான். சர்ச்சில் யாருக்கு ஞானஸ்நானம், யாருக்கு ஓலை வாசித்தார்கள் என்று. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மாப்பிள்ளை பெண் பேரை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும்; அதுதான் ஓலை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஓலையைச் சொன்னாள்.

"மதகு மேஸ்திரியோட தங்கச்சி இருக்காங்கள்ல, விதவை, மிசஸ் ஹால்சால். அவங்களுக்கும் ஏபெல் குட்வின்னு ஒருத்தருக்கும்."

கெசியா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "அந்த மீசக்காரிக்கா? யாரு அந்தப் பாவப்பட்ட ஆம்பள? ஏபெல் குட்வினா? பேரக் கேட்டாலே கச்சேரி குமாஸ்தா மாதிரி இருக்கு."

கொட்டகையே சிரித்தது. செம்பட்டையும் சிரித்தான். பன்றிக்கறியைக் கத்தியால் வெட்டிக்கொண்டே, "பாவம்தான் அவன். காலையில எந்திரிச்சு யார் மீசைய மொதல்ல வழிக்கன்னு அவனுக்குக் கொழப்பமா இருக்கும்," என்றான். கெசியா சிரித்துச் சிரித்து மாவுக்கையால் கண்ணைத் துடைத்தாள்.

செம்பட்டை திரும்பி வராத மறுநாள் மிஸ் லோமாக்ஸ் வந்தாள். கையில் புது வேதாகமம்.

"ஒரு ஆளைத் தேடி வந்தேன் கெசியா. ஏபெல் குட்வின் இங்கதான் தங்கியிருந்தார்னு மேஸ்திரி சொன்னார். கல்யாணத்துக்கு இத அவர் கையில குடுக்கணும். ஞாயிற்றுக்கிழமை மூணாவது ஓலை."

"இங்க அப்படி யாரும் இல்லங்க. இவுக நாலு பேருதான்." சொல்லிக்கொண்டே கெசியா அவர்கள் பக்கம் திரும்பினாள். ஏதாவது கேலி செய்வார்கள் என்று எதிர்பார்த்தாள்.

மழையால் வேலை நின்று நான்கு பேரும் உள்ளேதான் இருந்தார்கள். காக்கா பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். பன்னித்தொடை சுவரைப் பார்த்தான். ஜட்ஜி வாயைத் திறந்து, சட்டம் எதுவும் அகப்படாமல் மூடினான். மூணுவிரல் மட்டும் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே ஏபெல் குட்வின் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தன நாளாத் தெரியும்?"

"அக்கா..."

"எத்தன நாளாத் தெரியும் வே?"

"மொத ஓல வாசிச்சன்னைக்கே சொன்னான்," என்றான் மூணுவிரல். "அந்த வேல வேணும்னா அந்தப் பொம்பளயக் கெட்டணும்னு. ஒங்ககிட்ட அவனே சொல்லுதேன்னான். நாங்க சொல்லப்படாதுன்னான்."

"அன்னைக்கு நான் சிரிச்சேனே. மீசன்னு சொல்லிச் சிரிச்சேனே. நீங்களும் தெரிஞ்சுதான் சிரிச்சிய."

மிஸ் லோமாக்ஸ் வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "மூணாவது ஓலை இன்னும் வாசிக்கல கெசியா. அன்னைக்கு எந்திரிச்சு ஆட்சேபணை சொல்லலாம். சாட்சி இருந்தா பாதிரியார் விசாரிக்காம விட முடியாது. விசாரணைன்னு வந்தா மேஸ்திரியே பின்வாங்கிடுவார்," என்றாள்.

"சாட்சியா? சாட்சி இந்தா இருக்கே, நாலு சாட்சி. தின்னுட்டு."

ஜட்ஜி முதலில் எழுந்தான். "நாங்க வாரோம்க்கா. நான் சட்டப்படிச் சொல்லுதேன்." காக்காவும் வருகிறேன் என்றான். பன்னித்தொடை அழுதுவிட்டான். மூணுவிரல் அவள் முன்னால் வந்து நின்று, "ரெண்டு தடவையும் பிடிச்சவன் நான். நானே சொல்லுதேன். ஒங்க சோத்தத் தின்னுருக்கேன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவி, மண் சுரண்டிய பூட்ஸோடு சர்ச்சின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கெசியா அவர்களுக்கு முன் வரிசையில் இருந்தாள். வரும் வழியெல்லாம் அவளுக்குப் பயமாக இருந்தது. உட்கார்ந்ததும் முதுகுக்குப் பின்னால் அந்த நான்கு பேர் மூச்சு விடுவது கேட்டது. பயம் குறைந்தது.

முன்னால் மேஸ்திரி, அவர் தங்கை, தங்கைக்குப் பக்கத்தில் அந்தச் செம்பட்டைத் தலை. கழுத்து சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவியிருந்தது.

பாதிரியார் வாசித்தார். ஏபெல் குட்வின். லெட்டிஸ் ஹால்சால். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

கெசியா எழுந்தாள். "உண்டு. அது எம் புருசன்."

சர்ச்சே திரும்பியது. அந்தச் செம்பட்டைத் தலை மட்டும் திரும்பவில்லை.

பாதிரியார் நல்ல மனுஷன்தான். குரலை உயர்த்தவில்லை. "எந்த சர்ச்சில கல்யாணம் நடந்துச்சும்மா?"

"சர்ச்சில இல்லங்க. கொட்டாய்ல. வாரியலத் தாண்டி."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. பாதிரியார் கையைத் தூக்கி அடக்கினார். "அந்த ஆளுக்கு அப்ப என்ன பேர் சொன்னாங்க?"

"செம்பட்ட."

மறுபடி சிரிப்பு.

"பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க. இங்கயே இருக்காங்க." அவள் திரும்பி, மூணுவிரலைக் கை காட்டினாள்.

மூணுவிரல் எழுந்தான்.

"உம்ம பேர் என்னப்பா?"

"மூணுவிரலுங்க."

"ஞானஸ்நானப் பேர். விசாரிக்கணும்னா நான் முழுப் பேரும் சொந்த ஊரும் எழுதணும். தயவுசெஞ்சு சொல்லும்."

மூணுவிரல் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினான். அவன் உதடு அசைவதை கெசியா பார்த்தாள். சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். அவன் தொப்பியைத் தலையில் வைத்து, வரிசையை விட்டு நகர்ந்து, வெளியே போய்விட்டான். பிறகு காக்கா. பிறகு பன்னித்தொடை. ஜட்ஜி எழுந்தபோது கெசியா அவன் கோட்டைப் பிடித்தாள். "நீராவது சொல்லும் வே." அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போனான்.

மிஸ் லோமாக்ஸ் ஏதோ சொல்ல எழுந்தாள். அவள் கல்யாணத்தைப் பார்த்தவள் இல்லை. என்ன சொல்ல முடியும்?

பாதிரியார் கடைசியாக அவனைக் கேட்டார். "ஏபெல் குட்வின், இந்தப் பெண் யார்?"

அவன் அப்போதும் திரும்பவில்லை. "நான் தங்கியிருந்த எடத்துல சாப்பாடு போட்டவங்க. நல்ல அம்மா," என்றான்.

ஏழு வருஷத்தில் அவன் அவளை ஒருநாளும் அவங்க, இவங்க என்று சொன்னதில்லை.

பொழுது சாயும்போது நான்கு பேரும் கொட்டகைக்கு வந்தார்கள். போக வேறு இடம் இல்லை. பசி வேறு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கே ஒரே பெரிய செப்புக்கொப்பரையில்தான் வேகும். ஒவ்வொருவனும் தனக்கு வேண்டிய கறி, கிழங்கு, முட்டைக்கோஸை வலைப்பையில் கட்டிக் கொடுத்துவிடுவான். கயிற்று நுனியில் ஒரு குச்சி. குச்சியில் உள்ள வெட்டுத்தடத்தைப் பார்த்து இது இன்னாருடையது என்று கெசியா எடுத்துக் கொடுப்பாள். சர்ச்சுக்குப் போகும்முன் போட்டுவிட்டுப் போனது. நன்றாக வெந்திருந்தது.

அவள் கொப்பரை முன்னால் நின்றாள். கண் காய்ந்திருந்தது.

"பேரச் சொல்லிட்டு எடுத்துக்கிடுங்க."

"யக்கா?"

"அம்மா வச்ச பேரு. எங்கிட்டச் சொன்னா நான் எங்கயும் எழுதப்போறதில்ல. எனக்கு எழுதத் தெரியாது. சொல்லுதவனுக்குச் சோறு."

முதலில் பன்னித்தொடை தலையைக் குனிந்துகொண்டு, "எனாக் ஸ்பூனர்," என்றான். அவள் அந்தப் பேரை ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். வலையை எடுத்துத் தட்டில் அவிழ்த்தாள். காக்கா சொன்னான், தட்டு வாங்கினான். ஜட்ஜி அவள் காதருகே வந்து சொன்னான்.

மூணுவிரல் கதவோரத்தில் நின்றான்.

"நீரு?"

"என்னால முடியாதுக்கா."

"ஏன்?"

"அந்தப் பேருக்கு ஒரு பொம்பள இருக்கா. பிரிஸ்டல் பக்கம். ரெண்டு பிள்ளையும். சர்ச்சில அந்தப் பேர எழுதிட்டாங்கன்னா அவ ஆளுங்க தேடி வந்துருவாங்க. எங்க சொன்னாலும் எனக்கு அதே பயந்தான்." பிறகு மெதுவாகச் சொன்னான்: "எல்லாவனுக்கும் அப்படி ஒண்ணு இருக்குக்கா. அதனாலதான் ஒருத்தனும் வாயத் தெறக்கல."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் கையை நிறுத்தினார்கள்.

கெசியா கரண்டியோடு அப்படியே நின்றாள். ஒருத்தன்தான் ஏமாற்றினான் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

"அவ பேரு என்ன?"

"யாரு பேரு?"

"பிரிஸ்டல்காரி."

அதைச் சொல்ல அவனுக்குத் தயக்கம் இல்லை. "டார்கஸ்."

"அவ இன்னைக்கு என்ன சாப்பிட்டுருப்பா?"

"தெரியலக்கா," என்றான் மூணுவிரல்.

கெசியா அவன் வலையை எடுத்தாள். தட்டில் அவிழ்த்தாள். நல்ல தொடைக்கறி, கிழங்கு, கோஸ். அவனுக்கு நீட்டவில்லை. மேசையின் தலைமாட்டில், செம்பட்டை உட்காரும் இடத்தில், தட்டோடு உட்கார்ந்தாள். அந்தக் கொட்டகையில் ஆட்கள் சாப்பிடும்போது அவள் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"இது டார்கஸ் பங்கு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். அவசரம் இல்லாமல், கடைசிக் கிழங்குவரை சாப்பிட்டாள். மூணுவிரல் நின்றுகொண்டே பார்த்தான். தன் தட்டைப் பன்னித்தொடை அவன் பக்கம் மெதுவாக நகர்த்தினான். "அதத் தொட்டா ரெண்டு பேரும் வெளிய," என்றாள் கெசியா, தலை நிமிராமல்.

அந்த வாரமே கல்யாணம் நடந்தது. மூன்றாவது வீட்டு ஜன்னலில் வேறொருத்தி தைத்த திரை தொங்கியது. கொட்டகையைப் பிரிக்க ஆள் வந்தபோது கெசியா போயிருந்தாள். தெற்கே பிரிஸ்டல் ரோட்டில் மூட்டையோடு நடந்து போனாள் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது உறுதியாகத் தெரியாது.

இதை எங்கள் பக்கம் சொல்லும்போதெல்லாம் ஒரு சண்டை வரும். மூணுவிரல் மறைக்காமல் உண்மையைச் சொன்னவன், அவனை மட்டும் பட்டினி போட்டது அநியாயம் என்று பாதிப் பேர். அன்றைக்கு அவள் செய்ததில் அது ஒன்றுதான் நியாயம் என்று மீதிப் பேர். நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்துவிட்டேன். முடிவுக்கு வர முடியவில்லை. உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் கெசியாளாக இருந்தால் அந்தத் தட்டை அவனிடம் நீட்டியிருப்பீர்களா? ஆமாம், இல்லை என்று ஒரு வரியாவது பதில் எழுதுங்கள். ஏன் என்றும் எழுதுங்கள்.